ஒன்பதாவது இடம்

1958-ஆம் ஆண்டு. டேராடூனில் இந்திய விமானப்படையின் தேர்வுக் குழுவின் முன் 25 இளைஞர்கள் நின்றனர். இடங்களோ எட்டுதான். இராமேஸ்வரத்தில் பிறந்து, சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்ற அப்துல் கலாமுக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். விமானியாகிப் பறக்க வேண்டும் என்று அவர் நெடுங்காலம் வளர்த்து வந்த ஆசை அன்றோடு முடிந்தது.

அவர் நேரே ஊர் திரும்பவில்லை. ரிஷிகேசம் சென்று கங்கையில் நீராடி, சுவாமி சிவானந்தரின் ஆசிரமத்தை அடைந்தார். வந்தவரின் பெயரோ மதமோ சுவாமிகளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. முகத்தில் தெரிந்த துயரத்தின் காரணத்தையே கேட்டார். நடந்ததைக் கேட்டபின், விதிக்கப்படாத ஒன்றை எண்ணி வருந்துவதை விட்டு, தான் எதற்காகப் பிறந்தோமோ அதைத் தேடும்படி அறிவுரை வழங்கினார்.

கலாம் தில்லிக்குச் சென்று, பாதுகாப்புத் துறையில் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் விஞ்ஞான உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் பெங்களூருவில் அவரது குழு 'நந்தி' என்ற ஹோவர்கிராஃப்ட் ஊர்தியை உருவாக்கியது. அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. ஆயினும் ஊர்தி ஓடும் நிலையில் வைக்கப்பட்டிருந்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. ஒருநாள் யாரோ ஒரு விருந்தினர் வந்தார். கலாம் அவரை ஏற்றிக்கொண்டு பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். வந்தவர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன். அதையடுத்து மும்பையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது.

இந்திய விண்வெளி முயற்சி 1962-இல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அணுசக்தித் துறையின் அரவணைப்பில்தான் பிறந்தது. அந்நகரில் கலாமைத் தேர்வு செய்தவர் டாக்டர் விக்ரம் சாராபாய். இளைஞருக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சோதிப்பதைவிட, அவர் எவ்வளவு வளர இயலும் என்பதை அறிவதிலேயே சாராபாய் நாட்டம் காட்டினார். கலாம் ராக்கெட் பொறியாளரானார்.

அதே மும்பையில், தாராவியின் குறுகிய சந்துகளிலும் மாதுங்காவின் பழைய குடியிருப்புகளிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தேர்வு முடிவு வரும் நாளில் இந்த வரலாறு நினைவுகூரப்படுவதுண்டு. இடம் கிடைக்காத பிள்ளையிடம், "கலாமைப் பார், விமானப்படை வேண்டாம் என்றது, நாடே ஜனாதிபதியாக்கிற்று" என்று ஆறுதல் சொல்வார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் இந்த ஆறுதலில் ஒரு குறை இருக்கிறது. இன்றைய தோல்வி நாளைய பெரிய வெற்றிக்குச் செலுத்தும் முன்பணம் என்றால், அந்த வெற்றி வராதபோது என்ன செய்வது? பலனை எதிர்பார்க்கும் மனம் அப்போதும் மாறவில்லையே. எதிர்பார்ப்பைச் சற்றுத் தள்ளிவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய பரிசு எதுவும் பின்னால் வராத ஒருவரின் கதையையும் அந்தப் பிள்ளை அறிய வேண்டும்.

1982-இல் இந்திய விமானப்படையிலிருந்து இருவர் சோவியத் நாட்டின் நட்சத்திர நகருக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர்: ராகேஷ் சர்மா, ரவீஷ் மல்கோத்ரா. 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 கலத்தில் சென்றவர் சர்மா. சல்யூட் 7 நிலையத்தில் தங்கி, அங்கே யோகாசனங்களும் செய்து, ஏப்ரல் 11 அன்று திரும்பினார். மல்கோத்ரா மாற்று வீரர். அவர் விண்வெளிக்குப் போகவே இல்லை.

மாற்று வீரரின் நிலை எத்தகையது என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பயணம் செய்பவர் கற்கும் அனைத்தையும் அவர் கற்க வேண்டும். அதே மொழி, அதே கருவிகள், அதே உடற்பயிற்சி, அதே உழைப்பு. ஒரு வீதம் குறைந்தாலும் அவரால் பயனில்லை. ஆனால் அவருக்கு வாய்ப்பு வரும் ஒரே வழி, உடன் பயிலும் நண்பருக்கு ஏதேனும் நேர்வதுதான். 'எனக்குக் கிடைக்க வேண்டும்' என்ற எண்ணம் சிறிதளவு எழுந்தாலும், அது நண்பரின் நோயை விரும்பும் எண்ணமாக மாறிவிடும். ஆகவே அவர் முழு மனத்தோடு ஆயத்தமாக வேண்டும். தன்னுடைய ஆயத்தம் தேவைப்படாமல் போகட்டும் என்று அதே மனத்தோடு வேண்டவும் வேண்டும். கீதையின் இரண்டாம் அத்தியாயம் யோகம் என்று கூறும் சமநிலைக்கு இதைவிடக் கடினமான பாடசாலை ஏது? காட்டில் தவமிருப்பவனுக்குக்கூட எதிரே இப்படியொரு நண்பன் அமர்ந்திருப்பதில்லை.

விண்வெளி வீரரைத் தேர்ந்தெடுப்போர் இந்தப் பக்குவத்தையும் சேர்த்தே தேடுகிறார்கள். அமெரிக்காவின் நாசா 2021-இல் அறிவித்த குழுவுக்கு விண்ணப்பித்தவர்கள் 12,000-க்கும் மேல். எடுக்கப்பட்டவர்கள் பத்துப் பேர். உடல் வலிமையும் கல்வியும் உடையவர்கள் மற்றவர்களிலும் நிறையவே இருந்திருப்பார்கள். சிறிய கலத்துக்குள் சிலரோடு நெடுநாள் அடைபட்டு வாழ, தன்னை முன்னிறுத்தாத மனமும் வேண்டும். நாசாவின் ஜோஸே ஹெர்னாண்டெஸ் 11 முறை மறுக்கப்பட்டவர். தம்மிடம் இல்லாத திறன்களைக் கற்றுக்கொண்டு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார்.

மறுக்கப்பட்ட பிள்ளை அன்று அழட்டும், தடுக்க வேண்டாம். அப்பாவின் முகம் மட்டும் அன்றும் முந்தின நாள் போலவே இருக்கட்டும். கலாமின் துயரத்தைச் சிவானந்தர் ஏளனம் செய்யவில்லை, மறைக்கவும் சொல்லவில்லை. முதலில் அதைக் கேட்டார். பிரசாதமாக ஏற்கும் புத்தி என்று பெரியோர் கூறுவது, வலி இல்லை என்று நடிப்பதன்று. மறுநாள் காலை அதே நேரத்துக்கு எழுந்து, அதே புத்தகத்தைத் திறப்பதில் அது தொடங்குகிறது.

மல்கோத்ராவின் இடத்தில் 2025-இல் இன்னொருவர் இருந்தார். ஆக்ஸியம்-4 பயணத்துக்கு சுபான்ஷு சுக்லா தேர்ந்தெடுக்கப்பட்டபோது, மாற்று வீரராக இருந்தவர் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர். புறப்பாடு பலமுறை தள்ளிப்போயிற்று; அத்தனை நாளும் நாயரின் ஆயத்தமும் நீண்டது. ஜூன் 25 அன்று கலம் புறப்பட்டது. சுக்லா மேலே சென்றார். நாயர் தரையில் இருந்தார். ககன்யானுக்காகப் பெயர் அறிவிக்கப்பட்ட நால்வரில் இருவருமே உண்டு.