இரண்டாவது மலை

என் ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள். தொடக்கூடாது என்று போர்டு வைத்தாலும் தொடுவார்கள். நான் பிரஷ்ஷைவிடக் கத்தியைத்தான் அதிகம் பிடிப்பேன். பேலட் நைஃபால் அப்பிய ஆயில் பெயிண்ட் காய்ந்தபிறகு சின்னச் சின்ன வரப்பு மாதிரி புடைத்து நிற்கும். அதைத் தடவும்போது வரைந்தவன் கையையே தொட்ட மாதிரி அவர்களுக்குத் தோன்றுகிறது போல. "ஃபீல் இருக்கு சார்" என்பார்கள். கேலரிக்காரர்களும் வான்கா, செசான் என்று போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்டுகளின் பெயரைச் சொல்லித்தான் என் நிலக்காட்சிகளை அறிமுகப்படுத்துகிறார்கள். கூச்சமாக இருக்கும். ஆனால் மறுத்ததில்லை.

நான் விற்பது வண்ணம் பூசிய துணியையா, அவர்கள் சொல்லும் அந்த ஃபீலையா? மூன்று வருடமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம் ஒரு கரடு.

எனக்கு மேல்மலையனூர் பக்கம். செஞ்சியிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற வழியில் பார்த்திருப்பீர்கள், யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி உருண்டைப் பாறைக் குன்றுகள். கோட்டை ஏறிய மலைகளுக்கு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று பெயர் உண்டு. 2025-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. மிச்சமெல்லாம் பெயரில்லாத கரடுகள். அப்படி ஒன்று எங்கள் மல்லாட்டைக் கொல்லைக்கு எதிரே இருக்கிறது.

அப்பாவை எடுத்த மறுநாள், பால் தெளிக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்னால், கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. இரண்டு மணி நேரம். மலையை ப்ரஷ்யன் ப்ளூவில் அப்பினேன், வானத்தைக் கேட்மியம் ஆரஞ்சில். ஈரத்தின்மேல் ஈரம் ஏறி, மலையும் வானமும் சேரும் கோட்டில் இரண்டும் கலந்து அழுக்கான ஒரு பச்சையாகிவிட்டது. சரிசெய்யத் தோன்றவில்லை. வந்து குளித்தேன்.

சென்னையில் ஒரு குழுக் கண்காட்சியில் அதை வைத்தேன். ஒருவர் ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றார். "ஏன் சார் மலை இவ்ளோ கறுப்பா இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நாற்பதாயிரத்துக்கு வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வருடம் கழித்து போன் செய்தார். அவருடைய அக்காவுக்கும் அதே படம் வேண்டுமாம். "அதே மாதிரி சார். அதே ஃபீல் இருக்கணும்." காரியக் கடன் பாக்கி இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

இரண்டாவதை என் அறையில், ஃபேனைப் போட்டுக்கொண்டு, மொபைலில் இருந்த முதல் படத்தின் போட்டோவைப் பார்த்து நான்கு நாளில் முடித்தேன். அந்த அழுக்குப் பச்சையை இந்த முறை தட்டில் அளந்து கலந்தேன். சரியாக வந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அனுப்பிய வாரம் அந்த அக்காவின் வாய்ஸ் மெசேஜை அவர் எனக்குத் தள்ளிவிட்டார். "அவங்க அப்பாவ எடுத்த மறுநாளே வரைஞ்சதாமே, பார்த்தாலே தெரியுதுடா. கண்ணு கலங்கிடுச்சு." நான் ஒரு கும்பிடு எமோஜி போட்டேன்.

கலை என்றால் என்ன என்று கேட்டு 1898 வாக்கில் டால்ஸ்டாய் ஒரு புத்தகமே எழுதினார். கலைஞன் தான் அனுபவித்த உணர்ச்சியை இன்னொருவருக்குத் தொற்றவைப்பதுதான் கலை, அனுபவிக்காமல் செய்வது போலி என்பது அதன் சாரம். அவர் கணக்கில் என் இரண்டாவது மலை போலி. ஆனால் அந்த அக்காவின் கண்ணீர்? அது தொற்றித்தானே வந்தது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் படத்தின்போது மட்டும் நான் துக்கத்திலா இருந்தேன்? பாதி நேரம் பந்தல் வாடகையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் சித்தப்பா பம்பை அடிப்பவர். அமாவாசை ராத்திரி மேல்மலையனூரில் அங்காளம்மன் ஊஞ்சலுக்குக் கூட்டம் நெரியும். மற்ற நாட்களில் வீடு வீடாகப் போய்ச் சாமி அழைப்பார். உடுக்கையும் பம்பையும் சேர்ந்து ஏறும்போது எதிரே உட்கார்ந்திருக்கிற பெண் அழுவாள், ஆடுவாள், செத்துப்போன மாமியாரின் குரலில் பேசுவாள். முடிந்ததும் சித்தப்பா கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு பஸ் பிடிப்பார்.

"உனக்கு ஏதாச்சும் தோணுமா சித்தப்பா?"

"எனக்கு இன்னாடா தோணணும்? அடி தப்பாம விழணும். மூணாவது வூட்ல கையி வலிக்கும், அவ்ளோதான்."

அவரை யாரும் போலி என்று சொன்னதில்லை. நம் பழைய நிலக்காட்சிக்காரர்களையும் சொன்னதில்லை. பாலையைப் பாடிய சங்கப் புலவரிடம் போய் நீ உண்மையிலேயே பிரிந்து தவித்தாயா என்று யார் கேட்டார்கள்? பிரிவு பாலைக்கும், இரங்கல் நெய்தலுக்கும் உரியது. உணர்ச்சி நிலத்தின் சொத்து, புலவர் அதை எடுத்துப் புழங்குகிறார். வான்காவே தன் படங்களைத் திரும்ப வரைந்தவர்தான். 1888 ஆகஸ்டில் வரைந்த சூரியகாந்திகளை 1889 ஜனவரியில் மறுபடி வரைந்தார். ஜனவரியில் ஏது பூ? தன் படத்தைப் பார்த்துத்தான் வரைந்தார். ஆர்ல் நகரத்துப் படுக்கையறைக்கு மூன்று வடிவங்கள் உண்டு. சிறியது அம்மாவுக்கும் தங்கைக்கும் என்று செய்தது.

இதையெல்லாம் அடுக்கிக்கொண்டு கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். சோழமண்டலத்து ஓவியர்களையும் நினைத்துக்கொள்வேன். 1966-ல் பணிக்கரோடு அந்தக் கிராமத்தை உருவாக்கியவர்கள் பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள், ஓவியம் விற்றே ஆகவேண்டும் என்ற நிலை வராமல் பார்த்துக்கொண்டார்கள். வயிற்றுக்கு ஒரு வேலை, மனதுக்கு ஒரு வேலை. எனக்கு இரண்டுக்கும் ஒரே கரடு. அதனால் என்ன, மன்னிக்கலாம் என்று தோன்றும்.

ஆனால் தொல்காப்பியத்தில் ஒரு விதி இருக்கிறது. அகப்பாட்டில் இன்னார் என்று ஒருவர் பெயரைச் சுட்டக்கூடாது. கல்லூரியில் அதை இலக்கணம் என்று மட்டும் படித்தேன். பெயர் சொல்லாதவரைக்கும் அந்தத் துக்கம் யாருடையதாகவும் இருக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் பாடலாம், அதில் பொய்யே வராது. பெயரைச் சொன்னால் அது புறம். நடந்தது, நடக்கவில்லை என்ற கணக்கு அங்கேதான் வருகிறது. சித்தப்பா பம்பை அடிக்கும்போது தன் வீட்டுச் சாவைச் சொல்வதில்லை. வான்கா தான் செய்வது மறுபடிவம் என்பதைத் தம்பி தியோவுக்குக் கடிதத்தில் எழுதினார்.

நான் அப்பாவைச் சொன்னேன். கறுப்பு எதற்கு என்று கேட்டவரிடம் "அது அப்படித்தான் சார்" என்று விட்டிருக்கலாம். சொன்னதால் முதல் படம் சாட்சியாகிவிட்டது. அதுகூடத் தப்பில்லை, நடந்ததுதானே. இரண்டாவதோடு அதே கதை கோயம்புத்தூர் போனது, நான் வாய் திறக்காமலே. என் அப்பா ஒரு தடவைதான் செத்தார். நான் இரண்டு தடவை காசு வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் அந்தத் தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் வேணாம் சார்" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எங்கப்பா போனதுலருந்து அது முன்னாடிதான் உக்காந்திருக்காங்க."

ஓவியத்தின் பின்பக்கம் ஒட்டுவதற்கு ஒரு சின்ன அட்டை எழுதி வைத்திருக்கிறேன். 'இரண்டாவது. முதல் படத்தைப் பார்த்து, என் அறையில், நான்கு நாளில் வரைந்தது.' கீழே தேதி, கையெழுத்து. அந்த அக்காவின் விலாசம் கூரியர் ரசீதில் இருக்கிறது. அட்டையும் ரசீதும் பெயிண்ட் ட்யூப்கள் கிடக்கும் டிராயரில் ஒன்றாகக் கிடக்கின்றன. நீலம் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகின்றன.