அனுப்பியவர் கறை

ஆயர் ஈத்தாம் ஒரு நாற்சந்தி. வடக்கே யோங் பெங், கிழக்கே குளுவாங், மேற்கே பத்து பகாட், தெற்கே ஜோகூர் பாரு. 1942 ஜனவரிக் கடைசியில் ஆஸ்திரேலியப் படையினர் இங்கே ஜப்பானியரைச் சற்றுத் தடுத்து நிறுத்திவிட்டுத் தெற்கே பின்வாங்கினார்கள். அந்த வாரம் இந்த வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழருக்கு இதில் எதிரி யார்? போகிற வெள்ளைக்காரனா, வருகிற ஜப்பானியனா? எதிரியின் பிடியிலுள்ள மண்ணில் உயிரைத் துச்சமாக எண்ணி உளவுக்காக இறங்கியவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். வீரம், தியாகம் என்று சொன்னதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் அப்படி இறங்கியவர் எவரும் தானாகப் போனதில்லை. விமானமோ நீர்மூழ்கியோ வேறொருவருடையது. அனுப்பிய கை கறைபட்டதாக இருந்தால், அந்தக் கறை போனவர்மீதும் படியுமா?

ஐரோப்பாவின் யூதர்களுக்கு எதிரி யாரென்பதில் ஐயமில்லை. அனுப்பிய கையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டன், 1939 வெள்ளை அறிக்கையில், 5 ஆண்டுகளில் 75,000 யூதருக்கு மேல் குடியேறக் கூடாதென்று வரம்பு கட்டியது. ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடியவர்களுக்குக் கதவை அடைத்த அதே அரசுதான், பாலஸ்தீன யூத இளைஞர்களுக்குப் பாராசூட்டும் ரேடியோவும் கொடுத்தது. அதற்கு வேண்டியிருந்தவை உளவுச் செய்தியும், சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து தப்பியவர்களின் மீட்பும். போனவர்களுக்கு வேண்டியிருந்ததோ தங்கள் மக்களிடம் எப்படியாவது போய்ச் சேர்வது. சுமார் 37 பேர் போனார்கள். 7 பேர் திரும்பவில்லை. ஹன்னா செனெஷ் 1944 மார்ச்சில் யூகோஸ்லாவியாவில் குதித்தார். ஜூனில் ஹங்கேரி எல்லையைக் கடந்ததுமே பிடிபட்டார். ரேடியோவின் சங்கேதத்தைக் கேட்டு வதைத்தார்கள். பெற்ற தாயையே சிறைக்குக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார்கள். அப்போதும் அவர் சொல்லவில்லை. நவம்பர் 7ஆம் நாள் சுட்டுக் கொன்றபோது அவருக்கு வயது 23.

மலாயாவில் இதற்கு இணையான கதை பினாங்கில் தொடங்குகிறது. 1942இல் அங்கே நடந்த சுவராஜ் இன்ஸ்டிடியூட்டில் இந்திய இளைஞர்கள் உளவுப் பயிற்சி பெற்றார்கள். திருவிதாங்கூரின் வக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்துல் காதர் அவர்களில் ஒருவர். ஜப்பானிய நீர்மூழ்கி அவரையும் தோழர்களையும் செப்டம்பர் கடைசியில் மலபாரின் தானூர்க் கரையருகே இறக்கிவிட்டது. ஏறக்குறைய உடனேயே பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னை மத்தியச் சிறையில் காதர், அனந்தன், பௌஜா சிங், சத்யேந்திர பர்தன் ஆகிய நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்களோடு மரண தண்டனை பெற்ற போனிபேஸ் பெரேராவின் உயிர் மேல்முறையீட்டில் தப்பியது. முஸ்லிம், இந்து, சீக்கியர், கிறிஸ்தவர் என எல்லாரும் இருந்த அந்தப் பட்டியல் மேடைப் பேச்சுக்கு வாகானது. ஆனால் அவர்களை அனுப்பிய அரசுதான் சயாம் மரண ரயில் பாதையைப் போட்டது. மலாயாவிலிருந்து சுமார் 78,000 தொழிலாளரை அங்கே இழுத்துப் போனது. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்.

இங்கே கீதையைத் துணைக்கு அழைப்பது வழக்கம்: கடமையைச் செய், பலனை எண்ணாதே. அது போகிறவருக்கு உரிய போதனை. செனெஷ் ஒருவரையும் காப்பாற்றவில்லை, காதர் ஒரு செய்தியும் அனுப்பவில்லை என்பதால் அவர்கள் செயல் வீணாகிவிடாது. ஆனால் அனுப்புகிறவர் இதே வாக்கியத்தைச் சொல்லும்போது அது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரமாகிவிடுகிறது. இருபது வயதுப் பிள்ளையை இருட்டில் இறக்கிவிடுகிறவன் பலனை எண்ணித்தான் ஆகவேண்டும். வள்ளுவர் இந்த இடத்தில் இன்னும் கூர்மையானவர். ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர் உளவை அறமற்ற தொழிலாகக் கருதவில்லை. என்ன செய்தாலும் வாய் சோராதிருப்பதை ஒற்றனுக்கு இலக்கணமாகவும் வைத்தார். அவரே வினைத்தூய்மையில், பெற்றவள் பசித்துக் கிடந்தாலும் சான்றோர் பழிக்கும் காரியத்தைச் செய்யாதே என்கிறார். புடாபெஸ்ட் சிறையில் தாயின் முன்னே நின்ற செனெஷிடம் இந்த இரண்டும் ஒன்றாகக் கூடின. அந்த அறையில் பிரிட்டன் இல்லை. வெள்ளை அறிக்கையும் இல்லை. அனுப்பியவரின் கை எட்டாத இடம் சிறை. அங்கே செய்வதுதான் முழுக்க முழுக்கத் தன்னுடையது. ஆகவே போனவரை எடைபோட வேண்டிய இடமும் அதுவே என்பது என் துணிபு.

அப்படியானால் வாய் திறக்காத நாஜி ஒற்றனும் போற்றத்தக்கவனா என்று கேட்கலாம். இல்லை. மௌனத்துக்குத் தனியே மதிப்பில்லை. அது எதைக் காக்கிறது என்பதே கேள்வி. ஜோகூர்க்காரரான இப்ராகிம் இஸ்மாயிலைப் பாருங்கள். 1944 அக்டோபரில் பிரிட்டிஷ் உளவுப் பிரிவு அவரைக் கிழக்குக் கரையில் இறக்கியது, ஜப்பானியரிடம் பிடிபட்டார். அவர் மௌனம் காக்கவில்லை. அவர்கள் பக்கம் சாய்ந்ததாக நடித்து, தான் கைதி என்பதைக் கல்கத்தாவுக்குக் குறிப்பால் உணர்த்தி, பல மாதங்கள் பொய்ச் செய்திகளால் அவர்களை ஏமாற்றினார். செனெஷ் பேசாமல் செய்ததை அவர் பேசியே செய்தார். பின்னாளில் மலேசிய ஆயுதப்படைத் தலைவரான அவரும், தன் நாட்டை அடிமையாக வைத்திருந்தவர்களின் விமானத்தில்தான் வந்தார்.

இதைவிடக் கடினமான மறுப்பு காதரைப் பற்றியது. அவர் உறுதி, தமிழரைச் சாகடித்த அரசையும் சேர்த்துத்தானே காத்தது? காலக்கணக்கு ஓரளவு பதில் தருகிறது. தோட்டத் தமிழர்கள் கூட்டங்கூட்டமாகச் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டது 1943இல். அப்போது காதர் பிரிட்டிஷ் கைதி. ஆனால் 1942 தொடக்கத்திலேயே சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் சீனர்கள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். மலாயாவில் இருந்த எவரும் அதை அறவே அறியாமல் இருந்திருக்க முடியாது. எனவே காதர்மீது ஒரு துளியும் படியவில்லை என்று சொல்ல என்னால் முடியாது. படிந்தது சிறிது, அதன் பெரும்பங்கு அனுப்பியவர்களுடையது. தியாகி என்றதும் எல்லாம் கழுவப்பட்டுவிடும் என்பதும், ஜப்பானின் ஆள் என்றதும் எல்லாம் அழிந்துவிடும் என்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

அனுப்புகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் பினாங்கிலேயே சான்று உண்டு. இன்ஸ்டிடியூட்டை நடத்திய வழக்கறிஞர் என். ராகவனுக்குத் தெரியாமலே அதன் மாணவர்கள் சிலரை ஜப்பானியத் தொடர்பு அமைப்பு நீர்மூழ்கியில் இந்தியாவுக்கு அனுப்பியது. செய்தி அறிந்ததும் ராகவன் இன்ஸ்டிடியூட்டை மூடினார். ஜப்பான் ஆண்ட பினாங்கில், ஜப்பானின் தயவில் இயங்கிய நிறுவனத்தை மூடுவது சாதாரணக் காரியமல்ல. அதற்காக அவர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.