வாசல் தெரிந்த குரல்

மைசூரு மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம்.வி. கோபாலசுவாமி, 1935-ஆம் ஆண்டு தமது ‘விட்டல் விஹார்’ இல்லத்திலேயே சிறியதொரு வானொலி நிலையத்தை நிறுவினார். அதன் பெயர் ‘ஆகாசவாணி’. பின்னாளில் அகில இந்திய வானொலிக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று.

புராணத்தில் ஆகாசவாணி உருவமற்ற குரல். தேவகியின் எட்டாம் பிள்ளையைப் பற்றிக் கம்சனை எச்சரித்த அசரீரி. மைசூருக் குரலுக்கோ ஒரு வாசல் இருந்தது. பேச்சில் பிழை கண்டால் அண்டை வீட்டார் வந்து கேட்டிருக்கலாம்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது. 2016-இல் தோன்றிய மாஸ்டடான் போன்ற சமூக வலைத்தளங்களுக்கு ஒற்றை உரிமையாளர் இல்லை. விரும்பியவர் வீட்டுக் கணினியிலேயே அதற்கான சர்வரை நடத்தலாம். பெருநிறுவனங்களின் பிடி தளர்வது நன்றே. ஆயினும், பிறர் காவல் நீங்கிய இடத்தில் நாவைக் காப்பவர் யார்? சட்டம் என்பர் சிலர். அது சொல் புண்படுத்திய பின்னரன்றோ வருகிறது! விரல் விசையைத் தொடும் அக்கணத்தில் உடனிருப்பவர் எழுதுபவர் மட்டுமே. தம் வாசல் ஊரறியத் திறந்திருந்தால் இதையே சொல்லியிருப்போமா என்று அவர் அப்போது எண்ணிப் பார்க்கலாம்.

வலியோருக்கு அஞ்சிப் பெயரை மறைத்து உண்மை பேசும் எளியோரிடம் மட்டும் இக்கேள்வியை எழுப்புவது முறையன்று.