மிதிக்கும் தூரம்

ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் மிதிவண்டியிலேயே வேலைக்குச் சென்று திரும்புவோரைப் பற்றிய பேச்சு குளிர்நாடுகளில் எழும்போது அது பெரும்பாலும் பனிக்காலத்தைப் பற்றிய பேச்சாகவே முடிகிறது. பின்லாந்தின் ஊலு நகரம் உறைபனி மாதங்களிலும் மக்கள் மிதிவண்டி ஓட்டுவதற்காகவும், அதற்கெனப் பாதைகளைச் செப்பனிட்டு வைப்பதற்காகவும் உலக அளவில் பெயர் பெற்றிருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் அந்தச் சோதனை சித்திரையிலும் வைகாசியிலும் வருகிறது. ஆயினும் கத்திரி வெயிலைத் தாங்கும் மனவுறுதியை வியப்பதோடு நின்றுவிட்டால் கேட்க வேண்டிய கேள்வி தப்பிவிடும். ஒரு மனிதர் தம் உடலின் ஆற்றலைக் கொண்டே நாள்தோறும் பிழைப்புக்குப் போய்வர முடிகிறது என்றால், அவருடைய வீடும் தொழிலும் சந்தையும் பள்ளியும் எவ்வாறு அமைந்திருக்க வேண்டும், அந்த அமைப்பில் அவருடைய விருப்பத்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதே அக்கேள்வி.

வடக்கே சேர்வராயன் மலையும் மேற்கே கஞ்சமலையும் கிழக்கே கொல்லிமலையும் எழுந்து நிற்க, இடையே விரிந்து கிடக்கும் நிலத்தைச் சமவெளி என்று சொல்வது கண்ணுக்குப் பொருந்தும். பெடலை மிதிக்கும் காலுக்கு அது முழு உண்மையாகாது, ஏனெனில் பாறையும் செம்மண்ணும் கலந்த இத்தரை காவிரியை நோக்கிச் சரிந்தும் இடையிடையே மேடிட்டும் கிடப்பதால், போகும்போது தெரியாத இறக்கம் களைத்துத் திரும்பும்போது ஏற்றமாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அம்மாபேட்டை, குகை வட்டாரங்களின் கைத்தறி, செவ்வாய்ப்பேட்டையையும் சிவதாபுரத்தையும் சார்ந்த வெள்ளிக் கொலுசுத் தொழில், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள், நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறைகளும் கோழிப்பண்ணைகளும், திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் ஊர்களின் விசைத்தறிக் கூடங்கள் என இந்நிலத்தின் தொழில்கள் ஒரே இடத்தில் குவியாமல் ஊர்தோறும் தெருத்தோறும் சிதறிக் கிடப்பவை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முறை பரவலாக உள்ள விசைத்தறி ஊர்களில், ஷிப்ட் மாறும் வேளையில் கேரியரில் சாப்பாட்டுத் தூக்கோடு எதிரெதிரே கடந்து செல்லும் வண்டிகளே ஆண்டு முழுவதும் மிதிப்போரின் உண்மையான வரிசை. ஞாயிறு விடியலில் தலைக்கவசம் அணிந்து ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருவோரின் முயற்சி பாராட்டத் தக்கதே. ஆனால் மழை பெய்தால் அவர்கள் வேறொரு ஞாயிற்றுக்கு ஒத்திவைக்கலாம், தறிக்காரருக்கு அந்த வசதி இல்லை.

வெயிலை முதலில் எடுத்துக்கொள்வது பொருத்தம். மிதிப்பவரின் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்கு மேல் சக்கரத்தைச் சேர்வதில்லை. எஞ்சியது வெப்பமாகி உடலிலேயே தங்குவதால் அதை வெளியேற்றியாக வேண்டும். மனிதத் தோலின் வெப்பநிலை சுமார் 35 பாகை செல்சியஸ் என்பதால், காற்று அதற்கு மேல் சூடேறிய நண்பகலில் காற்றே உடலுக்கு வெப்பத்தைக் கொடுக்கத் தொடங்குகிறது. அப்போது எஞ்சும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். கடலிலிருந்து விலகிய இவ்வுள்நாட்டின் கோடைக்காற்று சென்னையின் காற்றைவிட வறண்டது என்பதால் வியர்வை விரைவில் உலர்கிறது. வண்டி ஓடும்வரை அந்த ஓட்டமே காற்றாகி உடலைத் தணிக்கிறது. நெடுநாள் மிதித்தவர்கள் அறிந்த உண்மை இதிலிருந்தே பிறக்கிறது: ஓடும்போது பொறுக்கும் வெயில், நின்றால் பொறுக்காது. சிக்னலிலும் ரயில்வே கேட்டிலும் நிற்கும் நிமிடங்களே கொடியவை, ஆகவே நிழல் முதலில் தேவைப்படும் இடம் நிற்குமிடம். பழைய நெடுஞ்சாலைகளின் இருபுறமும் நின்ற புளிய மரங்கள் சாலை அகலப்படுத்தலில் வெட்டப்பட்டபோது காரில் செல்பவர் இழந்தது காட்சி, மிதிவண்டியில் செல்பவர் இழந்ததோ உடலுக்கான பாதுகாப்பு. காலை எட்டு மணிக்குள் சென்று பொழுது சாய்ந்தபின் திரும்பும் ஷிப்ட், கேரியரில் செருகிய தண்ணீர்ப் பாட்டில், தலையில் சுற்றிய ஈரத்துண்டு, வெயிலுக்கு முன் குடித்த கம்பங்கூழ் ஆகியவை சேர்ந்தே சித்திரையைக் கடக்க வைக்கின்றன. மன உறுதிக்கு இதில் உள்ள பங்கு சிறிது என்றே சொல்ல வேண்டும்.

ஆடிக்காற்றின் கணக்கு வேறு. காற்றின் எதிர்ப்பு விசை ஒப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர்மீது அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் அவர் நான்கு மடங்கு எதிர்ப்பைச் சந்திக்கிறார். மேற்கு நோக்கிச் செல்பவர் அம்மாதத்தில் வீட்டிலிருந்து கால்மணி முன்னதாகக் கிளம்புவதன் காரணம் இது. மழைக்காலத்துக்கு ஒரு பாலித்தீன் உறையும் மட்கார்டும் போதும். இவற்றைவிட அன்றாடத்தில் தொல்லை தருபவை வெயிலில் இற்றுப்போகும் வால்டியூப்பும், வேலியோரத்திலிருந்து சாலைக்கு வரும் சீமைக்கருவேல முள்ளும், பள்ளத்தில் இறங்கி ஏறிக் கோணிப்போகும் ரிம்மும் ஆகும். பஞ்சர் ஒட்டவும் கோட்டம் எடுக்கவும் ஓவராயில் செய்யவும் தெரிந்த சைக்கிள் கடைக்காரர் நடந்து தள்ளிச் செல்லும் தூரத்தில் இருப்பதும் வண்டியின் ஓர் உறுப்பு போலத்தான். அத்தகைய கடைகள் இருசக்கர மோட்டார் வண்டிகளின் ஒர்க்‌ஷாப்புகளாக மாறிவரும் தெருக்களில், வண்டி நல்ல நிலையில் இருந்தும் மிதிப்பது நின்றுபோகிறது.

எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருப்பது தூரம். அரைமணி நேரத்தில் நடந்து செல்பவர் இரண்டரை கிலோமீட்டர் சென்றால் மிதிப்பவர் ஆறு கிலோமீட்டர் செல்கிறார். வீட்டை மையமாக வைத்து அத்தூரங்களை ஆரமாகக் கொண்டு வட்டம் வரைந்தால், முதலாவது சுமார் 20 சதுர கிலோமீட்டரும் இரண்டாவது 113 சதுர கிலோமீட்டரும் கொண்டதாக அமையும். பட்டறை முதலாளி கூலியைக் குறைத்தால் வேறு பட்டறையைத் தேடிப்போகும் உரிமை அந்த வட்டத்தின் பரப்பைப் பொறுத்தது என்பதால், கூலித் தொழிலாளிக்கு மிதிவண்டி வெறும் வாகனமன்று, பேரம் பேசும் பலமும் ஆகும். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற பணிகளில் உள்ளோரில் சுமார் 13 விழுக்காட்டினர் மிதிவண்டியில் வேலைக்குச் சென்றதாகக் காட்டுகிறது. வீட்டுத் தறியில் நெய்பவரும் வயலுக்குச் செல்பவரும் அந்தக் கணக்கில் சேராதவர்கள் என்பதை இவ்வட்டாரத்தைப் பற்றி எண்ணும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

இவர்களில் பெரும்பாலோர் மிதிவண்டியை விரும்பித் தேர்ந்தவர்கள் அல்லர் என்ற மறுப்பு நியாயமானது. தேவையால் செய்வதை அறமாகப் போற்றுவது வறுமையை அழகுபடுத்துவதாகிவிடும். எனினும் தேவையால் வந்த பழக்கத்திலும் நன்மை இருக்கலாம் என்பதை மறுப்பது அப்பழக்கத்தை உடையவரின் அறிவை மறுப்பதாகும். இந்தியாவில் கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்தோரையும் அவர்களின் உறவினரையும் ஒப்பிட்டு 2013இல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்று, வேலைக்கு மிதிவண்டியில் செல்வோரிடம் உடல்பருமனும் இரத்த அழுத்தமும் நீரிழிவும் குறைவாக இருப்பதைக் கண்டது. இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1970களில் வேறொரு கணக்கைப் போட்டார்: அமெரிக்க ஆண் ஒருவர் தம் காரை ஓட்டவும் அதற்கான பணத்தைச் சம்பாதிக்கவும் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் செலவிட்டு 7,500 மைல் செல்கிறார், அதாவது மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. தவணையில் மொபெட் வாங்கும் தறித் தொழிலாளிக்கும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தவணைக்கும் பெட்ரோலுக்கும் அவர் கூடுதலாக ஓட்டும் தறி நேரத்தைப் பயண நேரத்தோடு கூட்டினால், மிச்சமாகும் பத்து நிமிடம் மிச்சமாகத் தோன்றாது. ஆனால் கூடம் பைபாஸ் சாலைக்கு இடம்பெயர்ந்து தூரம் 15 கிலோமீட்டராகிவிட்டால் இக்கணக்குக்கு இடமே இல்லை, அவர் வாங்கித்தான் ஆக வேண்டும். அவருடைய முடிவு போலத் தோன்றுவது உண்மையில் கூடத்தின் இடத்தைத் தீர்மானித்தவரின் முடிவு.

சாலையும் அவ்வாறே தீர்மானிக்கிறது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகச் செல்லும் நான்குவழிச் சாலையில் நடுத்தடுப்பின் ஒருபுறம் வீடும் மறுபுறம் வேலையும் உள்ளவருக்கு இரண்டே வழிகள் உண்டு: அடுத்த திறப்புவரை சென்று திரும்புவது, அல்லது ஓரமாக எதிர்த்திசையில் வருவது. லாரிக்குச் சில நிமிடங்களான அந்தச் சுற்று, மிதிப்பவருக்கு அன்றைய பயணத்தின் பாதியாகிவிடுவதால் பலர் எதிர்த்திசையில் வருகிறார்கள். அதை விதிமீறல் என்று மட்டும் எழுதிவைப்பது, சாலையை வரைந்தபோது அவர் எண்ணப்படவே இல்லை என்பதை மறைத்துவிடுகிறது.

எண்ணப்பட்ட இடமும் ஒன்று உண்டு. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் ஊர்ப் பெண்களிடம் கொண்டு சென்றது. 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய தமிழக அரசின் மிதிவண்டித் திட்டம், 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்தது. பள்ளியை மிதிக்கும் தூரத்துக்குள் கொண்டுவந்த அத்திட்டம் இருபாலருக்கும் பொதுவானது. பள்ளி முடிந்தபின் அவ்வண்டிக்கு நேர்வதில் அந்தப் பொதுமை காணப்படுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் நூற்பாலையின் வேனில் ஏறி நெடுந்தொலைவு வேலைக்குச் செல்கிறாள், வேன் வராத நாளில் அவளுக்கு வேலையும் இல்லை. அவளுக்குக் கிடைத்த வண்டியைத் தந்தை தறிக்கூடத்துக்கு ஓட்டிச் செல்கிறார். அவளுக்கும் ஓட்டத் தெரியும், ஊர்த்தெருவில் அவள் ஓட்டுவதைத் தடுப்பாரும் இல்லை. மிதித்துப் போகும் தூரத்தில் தந்தைக்கு ஒரு வேலை இருக்கிறது, அவளுக்கு இல்லை.