உளவிழிப்பை அளத்தல் கூடுமோ?

பொன்னை உரைகல்லில் உரைத்தும் நெல்லை மரக்காலால் அளந்தும் அறிகின்றோம். அக்கருவிகள் அளக்கப்படும் பொருளுக்கு வேறாய் நிற்பன. அளப்பதும் அளக்கப்படுவதும் ஓருள்ளமேயாயின் அவ்வளவை தகுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

உளச்சோர்வு என்னும் நோய் ஒருகால் நீங்கினும் மீண்டு வரும் இயல்பினது. அது மீளாமற் காத்தற்பொருட்டுச் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்னும் உளநூலார் மூவர் எட்டு வாரப் பயிற்சியொன்றை வகுத்தனர். உள்ளத்தெழும் எண்ணங்களை நன்றென்றுந் தீதென்றுந் தீர்ப்புரையாது, எழுந்தவாறே அறிந்து நிற்றல் அதன் சாரம். அதனை உளவிழிப்பு என்பாம். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் ஆய்வில், மும்முறையோ அதற்கு மேலோ இந்நோயுற்றாருள், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றாரில் நூற்றுக்கு 66 பேர்க்கும், இப்பயிற்சியையும் உடன்பெற்றாரில் நூற்றுக்கு 37 பேர்க்கும், 60 வாரத்துள் நோய் மீண்டது.

இப்பயன் உளவிழிப்பால் விளைந்ததோ, ஆசிரியன் அன்பாலும் உடன்பயில்வார் துணையாலும் விளைந்ததோ என்று தெளிதற்கு அவ்விழிப்பையே அளத்தல் வேண்டுமாயிற்று. 2006-இல் 39 கூற்றுக்களையுடைய வினாத்தாள் ஒன்று வெளிவந்தது. பயில்வோன் தன்னைத்தானே மதிப்பிட்டு எண்ணிடுவான். இதன்கண் ஓர் இடர் உண்டு. பயிலாதவன் தன்னுள்ளம் அலைவதையே அறியானாதலின், 'யான் விழிப்புடையேன்' என எழுதுதல் கூடும். பயின்றவனோ ஒவ்வோர் அலைவையுங் கண்டு, 'விழிப்பிலேன்' என எழுதுதல் கூடும். அறிவு வளர எண் குறையுமாயின் அவ்வளவை யாதாம்?

அற்றேல், தன்கூற்றை விடுத்துச் செயலால் அளக்க எனின், அதற்கும் முயன்றனர். 2014-இல் வெளிவந்த ஆய்வொன்றில், மூச்சை ஒன்றுமுதல் ஒன்பதுவரை எண்ணுமாறு பணித்து, எட்டு வரை ஒரு பொத்தானையும் ஒன்பதாவதற்கு வேறொன்றையும் அழுத்துவித்தனர். நெடுநாட் பயின்றார் பயிலாதாரினும் பிழை குறைய எண்ணினர். இது புனைந்துரைத்தற்கு அரிய சான்றே. ஆயினும், இது காட்டுவது கருத்தூன்றுதல் ஒன்றையே. கன்னமிடுங் கள்வனுங் கருத்தூன்றியே நிற்கின்றான். தன் துயரெண்ணத்தைப் பகையாது நோக்கும் அமைதியைப் பொத்தான் அறியாது.

ஆகவே அளவையே வேண்டாவோ எனின், அற்றன்று. அளவை இன்றேல், பயனில் பயிற்சியும் பயனுடையதெனப் புகழப்பட்டு நோயாளர் ஏமாறுவர். ஆதலின், தன்கூற்று, செயலளவை, நோய் மீளாமை ஆகிய மூன்றும் ஒத்தவிடத்தே தெளிவு கொள்க. அவை முரணியவிடத்து, நோய் மீளாமையையே தலைமைச் சான்றாகக் கொள்க. மருத்துவம் நாடியது அதுவேயாகலின்.

இன்னும் ஒன்று மறவற்க. தன்னைத்தானே குறைகூறி வருந்துதல் இந்நோயின் கொடுமைகளுள் ஒன்று. அத்தகையான் கையிற் குறைந்த எண்ணைக் கொடுத்து, 'இதிலுந் தோற்றேன்' என அவன் எண்ணுமாறு விடுவோமாயின், மருந்தே நோய்க்கு உணவாகும். எண்கள் பயிற்சியின் தகுதியை ஆராய்தற்கு உரியன. நோயுற்றான் தகுதியை ஆராய்தற்கு அல்ல. தீர்ப்புரையாமையைக் கற்பிப்பார், அளக்குங்காலும் அவன்மேல் தீர்ப்புரையாதிருத்தல் அவர்தங் கடனாம்.