எழுத்துகளுக்குள் இருந்த முகங்கள்

1997இல் ரொறன்ரோவிலிருந்து நண்பர் ஒருவர் ஜேர்மனியில் இருந்த எங்களுக்கு ஒரு படத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். ஊரில் நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து எடுத்த படம். எங்கள் கணனியில் அது திறக்கவில்லை. ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் பொருளின்றிப் பக்கம் பக்கமாக ஓடின. என்றோ ஒருநாள் திறக்கலாம் என்று அதை அப்படியே புளொப்பித் தட்டொன்றில் சேமித்தோம். பிறகு மறந்தும் போனோம்.

அண்மையில் அந்தத் தட்டு அகப்பட்டது. பிள்ளைகள் பார்த்தவுடனேயே சொன்னார்கள்: "இது படம்தான். முதல் நாலு எழுத்தே காட்டிக் குடுக்குது. இன்ரநெற்றில ஒரு பக்கத்தில கொண்டுபோய் ஒட்டினால் உடனே படமா வந்திடும்."

அக்காலத்து அஞ்சல் வழிகள் ஆங்கில எழுத்துகளை மட்டுமே பத்திரமாகக் கடத்தின. படத்தை அப்படியே விட்டால் வழியில் சிதைந்துவிடும். ஆகவே, 1992இல் வகுக்கப்பட்ட மைம் என்ற முறை, படத்தின் ஒவ்வொரு மூன்று பைற்றையும் நான்கு எழுத்துகளாக மாற்றி எழுத வழி செய்தது. பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, கூட்டல் குறி, சாய்கோடு: மொத்தம் 64. அதனால்தான் பேஸ் 64 என்று பெயர். பருமன் மூன்றிலொரு பங்கு கூடும். ஆனால் படத்தில் எதுவும் குறையாது.

இதைக் கேட்டபோது எங்கள் அகதி விண்ணப்பங்கள் நினைவுக்கு வந்தன. நாங்களும் வாசலைக் கடப்பதற்காக வேறு எழுத்தில் எழுதப்பட்டவர்கள்தாம். எங்களை மீட்டெடுக்கும் சூத்திரம் மட்டும் எவரிடமும் இல்லை.

என்றாலும், அந்த எழுத்துகளை முன்பின் தெரியாத ஓரிடத்தில் ஒட்ட எங்களுக்குக் கை வரவில்லை. ஏழு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். இருவர் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது. சோதனைச் சாவடிக்குப் பயந்து படங்களை எரித்தும் புதைத்தும் வாழ்ந்த காலம் அது.

"அப்பவே எத்தனை கணனியைத் தாண்டி வந்த படம். இது என்ன பூட்டா? யாரும் திறக்கலாமே" என்றார்கள் பிள்ளைகள். உண்மைதான். எழுத்தை மாற்றுவது வேறு, இரகசியமாக்குவது வேறு. ஆனால் அறியாமல் ஒரு வழியால் அனுப்புவதும், அறிந்துகொண்டே அந்நியர் கையில் ஒப்படைப்பதும் ஒன்றாகுமா? இப்படிப்பட்ட பக்கங்களில் சில எங்கள் கணனிக்குள்ளேயே கணக்கை முடித்துவிடும்; வேறு சில எழுத்துகளைத் தங்கள் இடத்துக்கு எடுத்துச் செல்லும். முகப்பைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. 'யாருக்கு என்ன ஆகப்போகிறது' என்று எங்கள் முகங்களைப் பற்றி நாங்கள் சொல்லலாம். காணாமற்போனவர்களுக்காகச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

அதற்காகப் படத்தைத் திறக்காமலே வைத்திருப்பதும் நியாயமில்லை. பிள்ளையின் ஒரு படமும் மிஞ்சாத தாய்மார் இருக்கிறார்கள். காப்பது என்பது ஒளித்து வைப்பதல்ல.

இது எந்தக் கணனியும் தானே செய்யக்கூடிய சின்னக் கணக்கு என்று பிறகுதான் அறிந்தோம். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டிலேயே மாற்றினோம். தட்டில் சில வரிகள் பழுதாகியிருந்தன. படத்தின் கீழ்ப்பகுதி வெறும் சாம்பல் நிறப் பட்டைகளாகிவிட்டது. ஆனால் ஏழு முகங்களும் இருந்தன. அந்த இருவரின் வீடுகளுக்கும் ஒவ்வொரு பிரதி எடுத்து, ஊருக்குப் போகிறவரின் கையில் கொடுத்துவிட்டோம்.

அவர்களிடம் அனுமதி கேட்க முடியாது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்கும் கடமை அதனாலேயே எங்களுடையதாகிறது.