பிரிந்து போனவர்களின் கூட்டம்

மே மாத ஞாயிற்றுக்கிழமையில் எந்தச் சிற்றூரின் அரசுப் பள்ளியைக் கடந்து போனாலும் வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் கண்ணில் படுகிறது. வெள்ளி விழாச் சந்திப்பு, முப்பதாம் ஆண்டுச் சங்கமம் என்று ஏதாவது ஒரு பெயர். உள்ளே ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்ட, தொப்பை விழுந்த ஆண்கள். ஓரமாக நிழலில் நாற்காலி போட்டு நாலைந்து பெண்கள். 2018-இல் ‘96’ படம் வந்ததிலிருந்து இந்தக் காய்ச்சல் பரவிவிட்டது என்பார்கள். படம் ஆசையைக் கிளப்பியது உண்மைதான். ஆனால் ஆளைத் தேடிப் பிடித்து நம்பர் வாங்கிக் கொடுத்தது வாட்ஸ்அப். அது இல்லாவிட்டால் பாதிப் பேர் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நான் படித்தது சாத்தூர்ப் பக்கம், ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். 1984 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எங்களுக்கு இராமநாதபுரம் மாவட்டம். மறு வருஷமே பிரித்து, காமராசர் பெயரில் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 1989-இல் பத்தாம் வகுப்பு முடித்து வெளியே வந்ததும் அந்தப் பெயரில்தான். இப்போது விருதுநகர். என் பழைய சான்றிதழ்களை வரிசையாகப் பார்த்த மகள், “அப்பா, உங்களுக்கு உண்மையிலேயே எந்த ஊரு?” என்று கேட்டாள்.

எங்கள் கூட்டமும் நடந்தது, எல்லாக் கூட்டங்களையும் போலவே. நடக்க முடியாத தமிழ் சாரை இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடையேற்றினார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, காலில் விழுதல். மைக் கைமாறிக்கொண்டே போயிற்று: பெயர், வேலை, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள். இந்த மூன்றாவதில்தான் எல்லோருக்கும் குரல் கொஞ்சம் நிமிர்கிறது. அவரவர் வாழ்க்கையில் சொல்ல விட்டுப்போனதைப் பிள்ளைகள் வழியாகச் சொல்லிவிடலாம் அல்லவா? பிறகு பிரியாணி. பிறகு, எங்கள் பள்ளியில் வருஷா வருஷம் பிரிவு உபசார விழாவில் ஒலிபெருக்கியில் போட்ட ‘ரத்தத் திலகம்’ படத்துக் கண்ணதாசன் பாட்டு. 1963-இல் வந்த பாட்டு, நாங்கள் பிறப்பதற்குப் பத்து வருஷம் முந்தியது. அதற்குப் போய் ஐம்பது வயது ஆட்கள் அழுகிறார்கள், நான் உட்பட.

இதைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. நாற்பது தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலம்தான் மற்ற காலத்தைவிட அதிகமாக வெளியே வருகிறது என்று உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அந்த வயதுக்குச் சாட்சிகளாக எஞ்சியிருப்பவர்கள் இவர்கள். அலுவலகத்தில் என்னை ‘சார்’ என்கிறார்கள், வீட்டில் அப்பா. ‘டேய்’ என்று கூப்பிட உரிமை உள்ளவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களில் முப்பது பேர் ஒரே நாளில் ஒரே இடத்தில் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

கேள்வி எழுந்தது வேறிடத்தில். மேடைக்குப் பின்னால் இருந்த ஃப்ளெக்ஸின் ஒரு மூலையில், மறைந்த நண்பர்கள் என்று ஐந்து படங்கள் போட்டிருந்தார்கள். எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். செத்துப்போனவர்களுக்குக்கூட அந்த ஃப்ளெக்ஸில் இடம் இருந்தது. எட்டாம் வகுப்பில் நின்றுபோனவர்களுக்கு இல்லை.

யாரும் வேண்டுமென்று விடவில்லை. எங்கள் பட்டியல் தயாரானது பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவை வைத்து. ஒருவன் அதை ஸ்கேன் செய்து குரூப்பில் போட்டான். ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கண்டுபிடித்து, பெயருக்கு நம்பர் கண்டுபிடித்து, டிக் அடித்துக்கொண்டே வந்தோம். போட்டோ எடுத்த நாளில் யார் வரிசையில் நின்றார்களோ அவர்கள் எங்கள் வகுப்பு. ஆனால் ஆறாம் வகுப்பில் நாங்கள் இரண்டு பிரிவு. பெஞ்சு போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தோம். பத்தாம் வகுப்பில் ஒரே பிரிவுதான், அதிலும் கடைசி பெஞ்சு காலி.

மீதிப் பேர் எங்கே போனார்கள் என்பது எங்கள் பக்கத்தில் ரகசியம் இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். எங்களுடையது மழையை நம்பிய கரிசல் காடு. பருத்தியும் கம்பும் மிளகாயும் ஏமாற்றும் வருஷத்தில் வீட்டுக்குக் கூலி கொண்டுவரக்கூடிய கை, பிள்ளைகளின் சின்னக் கைதான். பள்ளம் வெட்டிய சட்டத்தில் குச்சியை ஒவ்வொன்றாக வரிசை பிசகாமல் அடுக்க வேண்டும். அதற்கு மெல்லிய விரல் வாகு என்று சொல்வார்கள். விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் கிராமம் கிராமமாக வந்து ஆரன் அடித்து ஏற்றிக்கொண்டு போகும். திரும்பும்போது இருட்டிவிடும். அப்பன் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தால் மறுபேச்சு இல்லை. 1986 டிசம்பரில் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாத தொழில்களில் தீப்பெட்டியும் ஒன்று. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அந்த பஸ்ஸில் ஏறியது சட்டம் வந்ததற்கு அடுத்த வருஷம்.

இவர்களை எட்டாம் வகுப்பு வரைக்குமாவது பிடித்து வைத்திருந்தது சத்துணவு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைத் தொடங்கியபோது சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இருந்தது. 1984 செப்டம்பரில் பத்து முதல் பதினைந்து வயது வரை நீட்டித்தார்கள். நாங்கள் ஆறாம் வகுப்பு. பன்னிரண்டரை மணிக்கே பைக்குள் தட்டுகள் உரசத் தொடங்கும், கணக்கு சார் அதைக் கேட்டும் கேட்காததுபோல் இருப்பார். கலைஞர் ஆட்சியில் சத்துணவில் முட்டை போட்டது 1989-இல், நாங்கள் வெளியேறிய பிறகு. அந்த வயிற்றெரிச்சல் எங்கள் குரூப்பில் இன்றைக்கும் உண்டு. ஆனால் மதியச் சோறு ஒரு வயிற்றுக்குத்தான் ஆகும், கூலி வீட்டுக்கே ஆகும். அந்தக் கணக்கில் பள்ளிக்கூடம் தோற்றது. தப்பியவர்களில் சிலரை ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டினார்கள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு கெட்டுவிடக் கூடாதே என்று. எந்தத் தெருப் பிள்ளைகள் முதலில் நின்றார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கூட்டத்துக்கு முந்தின வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனைத் தேடிப் போனேன். ரொம்பத் தேடவில்லை, டீக்கடையில் கேட்டதும் கையைக் காட்டினார்கள். இப்போது சொந்தமாகக் குட்டி யானை வைத்து லோடு அடிக்கிறான். தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு இறங்கி வந்தான்.

“பேங்க்ல இருக்கீங்கன்னு சொன்னாங்க.”

“என்னடா, நீங்க நாங்கன்னு?”

“சரிப்பா” என்றான். ‘டா’வுக்கும் ‘நீங்க’வுக்கும் நடுவில் அந்த ‘ப்பா’விலேயே கடைசிவரை நின்றுகொண்டான்.

கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் வருகிறார்கள் என்றேன்.

“எல்லாரும்னா யாரு?”

பெயர்களைச் சொன்னேன். உள்ளூரில் இருப்பவர்கள் பெயர் வரும்போதெல்லாம், “அவன நேத்துத்தான பாத்தேன், அவன் மகளுக்குப் பேறுகாலம்,” என்கிற மாதிரி ஏதாவது சொன்னான். வெளியூர்க்காரர்கள் பெயருக்குச் சும்மா தலையாட்டினான்.

“நான் எட்டாப்போட நின்னவம்ப்பா. எனக்கு என்ன அங்க? தலைக்கு எவ்வளவு போடுறீங்க?”

“ரெண்டாயிரம்.”

“ரெண்டாயிரத்துக்கு என்னப்பா குடுக்கீங்க?”

டீ-ஷர்ட், நினைவுப் பரிசு, மட்டன் பிரியாணி, மேலேயிருந்து படம் பிடிக்க ட்ரோன் என்று வரிசையாகச் சொன்னேன். ட்ரோன் என்றதும் சிரித்துவிட்டான். “எங்க செட்டு ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயில்ல இருக்கும். ஆத்துக்குள்ளதான் ராத்திரிப் படுக்கை, சமையல் எல்லாம். நீ வா. துட்டு வேண்டாம்.”

‘எங்க செட்டு’ என்று அவன் சொன்னது எங்களை அல்ல, ஆபீஸ் பஸ்ஸில் கூட வந்தவர்களை. விசாரித்தபோது தெரிந்தது: அந்த பஸ்ஸில் போன பையன்களும் பெண்பிள்ளைகளும் இன்றைக்கும் ஒருவருக்கொருவர் மொய் எழுதுகிறார்கள். சீட்டுப் பிடிக்கிறார்கள். சீட்டுப் பணத்துக்காகச் சண்டை போட்டு இரண்டு வருஷம் பேசாமல் இருந்து, ஒரு சாவு வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு பேர் சம்பந்தியாகவும் ஆகிவிட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒன்றுகூட அவர்களுக்கு அவசியமே வரவில்லை. அவர்கள் பிரியவே இல்லை.

எனக்கு உறைத்தது இதுதான். இந்தக் கூட்டங்கள் எல்லாம் பிரிந்து போனவர்களுக்கு வேண்டியிருப்பவை. எங்களைப் பிரித்ததும் வறுமையோ பகையோ இல்லை, பத்தாம் வகுப்பில் பாஸானது. மாலைப் பத்திரிகையில் நம்பர் வந்தவன் சாத்தூருக்கோ விருதுநகருக்கோ பிளஸ் டூ படிக்கப் போனான். அங்கிருந்து மதுரை, அங்கிருந்து சென்னை. ஒவ்வொரு தேர்விலும் பாஸாகப் பாஸாக ஊர் பத்து மைல் தள்ளிப்போயிற்று. படிப்பு எங்களை மேலே கொண்டுபோனது, அதில் எனக்குப் புகார் கிடையாது. என் அம்மா கடைசிவரை பெட்டி ஒட்டிக்கொண்டுதான் இருந்தாள். நான் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்ததை எந்தக் காலத்திலும் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் அப்படி வெளியே வந்ததற்குக் கொடுத்த விலையில், பக்கத்து பெஞ்சுக்காரனின் மகளுக்கு எப்போது பேறுகாலம் என்று தெரியாமல் போனதும் அடங்கும். அந்தப் பாக்கியில் கொஞ்சத்தை ஒரு நாள் ட்ரோன் வைத்து அடைக்கப் பார்க்கிறோம்.

எங்கள் கூட்டத்தில் அவ்வளவு பாசம் பொங்கியதற்கும் காரணம் பிடிபட்டது. எங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. யாரும் யாரிடமும் கடன் கேட்டதில்லை, யாருடைய வரப்பும் யாருடைய வரப்பையும் தொடவில்லை. பங்காளிச் சண்டைக்கு இடமே இல்லாத உறவு. கட்டிப்பிடித்து அழுவதற்கு அதைவிட வசதியானது எது? அந்த அழுகையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பேர் பாதியும் முகம் பாதியுமாக என்னை நினைவு வைத்திருந்து, வகுப்பில் நான் சொன்ன ஒரு கிறுக்குத்தனமான பதிலை அப்படியே ஒப்பித்தவனைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் அசலானது. ஆனால் அதையும் ஆபீஸ் பஸ்காரர்களின் உறவையும் நட்பு என்று ஒரே கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை. அவர்களுடையதில் வட்டி ஓடுகிறது. எங்களுடையது எடுக்காமல் போட்டுவைத்த பணம். (வங்கிக்காரன் புத்தி, விடுங்கள்.)

பெண்களின் கதை இந்த இரண்டிலும் சேராது. போட்டோவில் எங்களோடு பதினாறு பெண்பிள்ளைகள் நிற்கிறார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர், நான்கு பேருமே வேலை பார்க்கிறவர்கள். மற்றவர்களைத் தேட முடியவில்லை. அப்பா பெயரின் முதலெழுத்து போய்க் கணவர் பெயர் வந்துவிட்டது. ஊர் மாறிவிட்டது. கிடைத்த ஒரு நம்பரில் கூப்பிட்டால் எடுத்தது கணவர், “என்ன விஷயமா?” என்றார். ஒன்றாகப் படித்தோம் என்பது ஒரு விஷயமாக அவருக்குப் படவில்லை. இன்னொருத்தி குரூப்பில் சேர்ந்து ஒரு வாரம் எல்லாச் செய்தியையும் படித்தாள், ஒரு வணக்கம்கூடப் போடாமல் வெளியேறினாள். அவர்களும் பாஸானவர்கள்தான். எங்களைப்போல ஊரைவிட்டுப் போனவர்கள்தான். திரும்பி வர மட்டும் யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கிறது. வந்த நான்கு பேரில் ஒருத்தி மைக்கில் தன் பெயரை அப்பாவின் இனிஷியலோடு சொன்னாள். சொல்லிவிட்டு அவளே ஒரு விநாடி திகைத்து நின்றாள்.

அடுத்தது 2029-இல், நாற்பதாம் ஆண்டு. இப்போதே பேச்சு தொடங்கிவிட்டது. போட்டோவை வைத்துப் பட்டியல் போட வேண்டாம், பள்ளியின் அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பார்க்க அனுமதி வாங்கி 1984-இல் சேர்ந்தவர்களை எல்லாம் கூப்பிடலாம் என்று குரூப்பில் போட்டேன். எதிர்பார்த்த பதில்கள் வந்தன. “அவங்க நம்ம பேட்ச் இல்லையேப்பா,” என்றான் ஒருவன். “கூப்பிட்டு, நாம பேசுறதக் கேட்டுச் சங்கடப்படப் போறாங்க,” என்றான் இன்னொருவன். அவன் நல்லவன், மனதாரச் சொன்னான். சங்கடப்படப் போவது நாம்தான் என்று நான் பதில் எழுதவில்லை. சண்டையாகிவிடும்.

ஒரு நண்பன் மட்டும் தலைமை ஆசிரியரிடம் பேசிப் பார்த்தான். ரிஜிஸ்டர் இருக்கிறதாம், பீரோவில் பத்திரமாக. பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, முகவரி, பள்ளியை விட்ட தேதி, விட்ட காரணம். பல பெயர்களுக்கு நேரே காரணமாக எழுதியிருப்பது ‘நீண்ட நாள் வராததால் நீக்கம்’. முகவரி என்பது வெறும் தெருப் பெயரும் ஊர்ப் பெயரும். அந்தத் தெருவில் இன்ன வீட்டுப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அங்கேயே இருப்பவர்கள்தான். அவர்கள் யாரும் எங்கள் குரூப்பில் இல்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு லீவு கேட்டிருக்கிறேன். இருக்கன்குடியில் வைத்து என் பக்கத்து பெஞ்சுக்காரனிடம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.